கடலுக்குப் போன ஜாக்கெட் கை

ஆரி வேலை செய்கிறவள் வீட்டுச் சோற்றில் கல் கிடந்தால் அரிசிக் கடைக்காரரைத் திட்ட முடியாது. முதலில் அது எந்தக் கல் என்று பார்க்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் அரிசியோடு வந்தது. பச்சையாக இருந்தால் போன வாரம் தைத்த ஜாக்கெட்டிலிருந்து வந்தது.

வீட்டிலேயே கைத்தொழில் நடத்துகிற சகோதரிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தங்கச்சிமடத்தில் எங்கள் வீடு ஒரு கூடம், ஒரு அறை, ஒரு அடுப்படி. இதற்குள்தான் பாசிமணி, சமிக்கி, குந்தன் கல், ஜரிகை, நூல்கண்டு, பசை, ஊசி, துணி விரித்துக் கட்டுகிற மரச்சட்டம் எல்லாம் குடித்தனம் நடத்த வேண்டும். ஐஸ்கிரீம் டப்பாவில் கொஞ்சம், ஊறுகாய் பாட்டிலில் கொஞ்சம், பிள்ளைகளின் பழைய டிபன் பாக்ஸில் கொஞ்சம் என்று வைத்திருந்தேன். எது எங்கே என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் தேவைப்படும்போது கை தானாகப் போய் எடுத்துவிடும். அதுதான் என் ஒழுங்கு. நீங்களும் அப்படித்தான் வைத்திருப்பீர்கள், வெளியே சொல்ல மாட்டீர்கள், அவ்வளவுதான்.

வெடிக்காத கடுகு

திருப்புல்லாணிப் பக்கம் மிளகாய் விவசாயம் பார்க்கிற முத்துலெட்சுமி அக்கா, தன் மகள் நந்தினியின் கல்யாண ஜாக்கெட்டுக்காக என்னைத் தேடி வந்தார். அரக்கு நிறத் துணி. வலது கையில் மாப்பிள்ளை உருவம், இடது கையில் பொண்ணு உருவம். நந்தினி மணவறையில் கைகூப்பினால் இரண்டு பேரும் எதிரெதிரே பார்த்துக்கொள்ள வேண்டும். அதுவரை எனக்கு வாடிக்கை எல்லாம் ராமேஸ்வரம் தீவுக்குள்தான். பாலம் தாண்டி வந்த முதல் கல்யாண ஆர்டர் இது. நன்றாக அமைந்தால் அந்தப் பக்கத்துக் கல்யாணம் எல்லாம் உனக்குத்தான், சொதப்பினால் பாலத்துக்கு அந்தப் பக்கம் நீ வரவே வேண்டாம் என்று அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பு உதட்டில் மட்டும்தான் இருந்தது.

வந்தவரைப் பசியோடு அனுப்பலாமா? ரசம் வைத்தேன். தாளிக்க எண்ணெய் காய்ந்ததும் அஞ்சறைப் பெட்டியிலிருந்து கடுகை அள்ளிப் போட்டேன். வெடிக்கவில்லை. தீயைக் கூட்டினேன். அப்போதும் வெடிக்கவில்லை. நாங்கள் இரண்டு பேருமே கரண்டியை எட்டிப் பார்த்தோம். கடுகு தீர்ந்த அன்றைக்கு அவசரத்துக்கு அந்தக் கிண்ணத்தில் கறுப்புப் பாசியைக் கொட்டி வைத்தது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. முத்துலெட்சுமி அக்கா ரசத்தைத் தாளிக்காமலே குடித்துவிட்டு, வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "ஏத்தா ஜெசி, சட்டியில வறுத்த பாசிய மட்டும் எம்மக ஜாக்கெட்டுல வச்சிராத."

கொட்டிப் பிரிப்பது

என் வீட்டுக்காரர் அருளானந்தம் விசைப்படகு டிரைவர். சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் வந்தால் படகெல்லாம் கரையில் கட்டிக்கிடக்கும். முதல் கொஞ்ச நாள் படகுக்குப் பெயிண்ட் அடிப்பார், கிழிந்த வலையைப் பின்னுவார். அதற்கப்புறம் வேலை இல்லை. ஓடிக்கொண்டிருக்கிற ஃபேனைக் கழற்றித் துடைப்பார். நன்றாக எரிகிற அடுப்பைப் பிரித்துப் பார்ப்பார். கடலுக்குப் போய்ப் பழகிய மனுஷனுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. எனக்கே பாவமாக இருக்கும். அந்தப் பாவத்தில்தான், என் சாமான்களை ஒழுங்குபடுத்தித் தருகிறேன் என்று அவர் சொன்னபோது தலையாட்டிவிட்டேன். சகோதரிகளே, தலையாட்டும்போது யோசித்து ஆட்டுங்கள்.

கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், கூடத்தில் தார்ப்பாயை விரித்து எல்லா டப்பாவையும் அதில் கவிழ்த்திருந்தார். என் தொழில் மொத்தமும் முழங்கால் உயரத்துக்கு ஒரே குவியலாகக் கிடந்தது. படகில் வலையை மேல்தட்டில் கொட்டிவிட்டுத்தானே மீனைப் பிரிப்போம், கொட்டாமல் எப்படிப் பிரிப்பது என்று என்னையே திருப்பிக் கேட்டார். பிரித்தார். விலை போகிற ஜரிகையும் குந்தனும் ஒரு பக்கம், அது இறால். பாசி எல்லாம் நண்டு. சிக்கலாகக் கிடந்த நூல் கணவாய். உடைந்த பாசி, வெட்டுத் துணி, ஒற்றைக் கம்மல், என்னவென்று அவருக்குப் புரியாதது அத்தனையும் சங்காயம். சங்காயம் என்றால் கோழித் தீவனத்துக்குப் போகிற கழிவு மீன். அதற்கென்று ஒரு சாக்கை அடுப்படிக் கதவில் தொங்கவிட்டார்.

மீதியை வைக்க அலமாரி வேண்டாமா? படகு ஓனரின் கொட்டகையிலிருந்து பழைய தெர்மாகோல் ஐஸ் பெட்டிகளைச் சுமந்து வந்தார். எத்தனை முறை கழுவினாலும் அதில் காரல் மீன் வாசம் போகவில்லை. என்னோடு வேலை செய்கிற கலா மண்டபம் அகதிகள் முகாமிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்குவாள். அவள் வாசலிலேயே நின்று பெட்டிகளைப் பார்த்தாள், என் வீட்டுக்காரரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அக்கா, அண்ணன் என்னவும் செய்யட்டும், ஐஸ் மட்டும் போட விடாதேங்கோ."

கட்டி வைத்தால் உருளாது

படகு ஆடும். ஆகவே படகில் எந்தச் சாமானையும் கட்டாமல் வைக்கக் கூடாது. இந்தச் சட்டம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. வீடு ஆடாது என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. கத்தரிக்கோல் ஜன்னலோடு, பசை டப்பா மேஜைக் காலோடு, ரிமோட் டிவியோடு, எல்லாவற்றுக்கும் நைலான் கயிறு. அவர் போடுகிற முடிச்சு இழுக்க இழுக்க இறுகுமே தவிர அவிழாது. வந்தவர்கள் நாற்காலியை முன்னால் இழுத்தால் அது வராது, பின்னாலிருக்கிற பீரோ கொஞ்சம் அசையும்.

வீட்டு வேலைக்கும் படகு முறைதான். சாப்பிட்ட தட்டை அவரவரே கழுவ வேண்டும் என்றார். இதை மட்டும் நான் எதிர்க்கவில்லை. இன்றுவரை அந்தச் சட்டம் அமலில் இருக்கிறது.

தேவிபட்டினத்திலிருந்து உறவு வீட்டுக்கு வந்த நூர்ஜஹான் அக்கா நோன்புப் பெருநாளில் எடுத்த துணிக்கு அளவு கொடுக்க வந்திருந்தார். அளவெடுக்கிற டேப்பை ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தார் என் வீட்டுக்காரர், அதுவும் ஒரு நுனியில் இறுக்கி. அவிழ்க்கப் பார்த்தேன், நகம்தான் உடைந்தது. டேப் மனுஷியிடம் வராவிட்டால் மனுஷி டேப்பிடம் போக வேண்டியதுதானே? அக்காவை ஜன்னல் ஓரம் நிற்க வைத்து, டேப்பின் மறு நுனியை நான் பிடித்துக்கொண்டு, அவரை மெல்ல மெல்லத் திரும்பச் சொன்னேன். மார்பளவுக்கு ஒரு சுற்று, இடுப்பளவுக்கு ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் தெருவே வேடிக்கை பார்த்தது. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கினார். "அல்லாவே, அளவு குடுக்க வந்தேனா, ராட்டினம் சுத்த வந்தேனா?"

மூடியில் மீன்

எந்தப் பெட்டியில் என்ன என்று கலா அழகாகக் காகிதத்தில் எழுதி ஒட்டினாள். தண்ணீர் பட்டால் காகிதம் நிற்காது என்று அவர் அதைக் கிழித்துவிட்டு, படகுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்டில் மூடிகளின் மேல் மீன் வரைந்தார். சின்னப் பாசிக்கு நெத்திலி. சிவப்பு நூலுக்குச் சங்கரா. ஊசிக்குத் திருக்கை, அதன் வால் குத்தும் என்பதால். உசத்தியான சாமானுக்குச் சீலா. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரே வாரத்தில் எனக்கும் அது பழகிப்போய், கலாவிடம் திருக்கையை எடு, நெத்திலியில் கொஞ்சம் போடு என்று சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

அந்த நேரத்தில் நந்தினி அளவு சரிபார்க்க வந்தாள். அவள் வீட்டில் கோழிதான். மீனென்றால் குழம்பில் துண்டாகக் கிடப்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் பெருமையாகச் சீலாப் பெட்டியைத் திறந்து காட்டினார். முன்பக்கம், பின்பக்கம், மாப்பிள்ளை நிற்கிற வலது கை, மூன்று துணியும் மடிப்புக் கலையாமல் இருந்தன. பொண்ணு இருக்கிற இடது கை இன்னும் சட்டத்தில் பாதி வேலையில் இருந்தது. நந்தினிக்கு வேலைப்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது, மாப்பிள்ளையின் மீசையைத் தடவித் தடவிப் பார்த்தாள். கிளம்பும்போது மட்டும் மூடியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "அக்கா, ஜாக்கெட்டு ரெடியான்னு அம்மா கேட்டா, எந்த மீனுக்குள்ள இருக்குன்னு சொல்ல?"

சங்காயச் சாக்கு

தடைக்காலம் முடிந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நானும் சந்தோஷமாகத்தான் வழியனுப்பினேன், இரண்டு பேருக்குமே விடுதலை. கல்யாணத்துக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அன்று மத்தியானம் ஜாக்கெட்டைச் சேர்த்துத் தைக்கலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று துணி இருந்தது. இடது கையைக் காணோம்.

முந்தின நாள்தான் அதை முடித்திருந்தேன். சட்டத்திலிருந்து எடுத்து, நூல் பிரியாமலிருக்கப் பின்பக்கம் பசை தடவி, குப்புறக் காயப் போட்டிருந்தேன். ஆரி வேலைத் துணியின் பின்பக்கத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்னால் மயில் இருந்தாலும் மகாராணி இருந்தாலும், பின்னால் முடிச்சும் பிசிறும்தான். தெரியாதவர் கண்ணுக்கு அது பழந்துணி. நெத்திலி, சங்கரா, சீலா எல்லாப் பெட்டியையும் கவிழ்த்தோம். இப்போது நானே தார்ப்பாயை விரித்துக் கொட்டித்தான் தேடினேன். கடைசியில் அடுப்படிக் கதவைப் பார்த்தோம். சங்காயச் சாக்கு அங்கே இல்லை.

படகுக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் இன்ஜின் துடைக்கக் கழிவுத் துணி கொண்டு போவார்கள். காலையில் அண்ணன் அந்தச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போனதைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்ததாகக் கலா மெல்லச் சொன்னாள். பத்து நாள் வேலை. அதே ஜரிகை திரும்பக் கிடைக்காது, கிடைத்தாலும் நேரமில்லை. திருப்புல்லாணியில் பந்தக்கால் ஊன்றிவிட்டார்கள். முத்துலெட்சுமி அக்காவிடம் எந்த வாயால் சொல்வேன் என்று அழுகையே வந்துவிட்டது. கலா என் பக்கத்தில் உட்கார்ந்து, வலது கைத் துணியை மடியில் எடுத்து வைத்துப் பெருமூச்சு விட்டாள். "மாப்பிள்ளை இங்க மீசையை முறுக்கிக்கொண்டு நிக்கிறார் அக்கா, பொண்ணு கச்சதீவுப் பக்கம் போயிட்டுது."

நடுக்கடல் விசாரணை

ஆட்டோ பிடித்து ராமேஸ்வரத்தில் ஓனர் வீட்டுக்கு ஓடினேன். அங்கே வயர்லெஸ் இருக்கிறது. ஓனர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு என்னையே பேசச் சொன்னார். பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினேன். சாக்கில் உள்ள அரக்குத் துணியால் எதையும் துடைக்காதீர்கள், அது நந்தினி ஜாக்கெட்டின் கை என்றேன். அந்த வயர்லெஸை ஒரு படகு மட்டும் கேட்காது, கடலில் கிடக்கிற எல்லாப் படகும் கேட்கும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. என் வீட்டுக்காரர் பதில் சொல்லுமுன் யாரோ ஒருவர் என்ன டிசைன் என்று கேட்டார். இன்னொருவர், பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகள் டிரஸ்ஸும் தைப்பீர்களா என்று விசாரித்தார்.

அப்புறம் என் வீட்டுக்காரர் குரல் வந்தது. ஆயில் அளவு பார்க்கிற கம்பியை அந்தத் துணியால் ஒரு தடவை துடைத்ததாகவும், கையில் ஏதோ குத்தியதாகவும், நூல் முடிச்சு என்று நினைத்ததாகவும் சொன்னார். திருப்பிப் பாருங்கள் என்றேன். கொஞ்ச நேரம் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. "ஜெசி, பொண்ணு இருக்கு. கன்னத்துல மட்டும் கொஞ்சம் ஆயிலு."

உடனே கடல் முழுக்க ஆலோசனை. ஷாம்பு போடச் சொன்னார் ஒருவர், எலுமிச்சம்பழம் என்றார் ஒருவர், மண்ணெண்ணெய் என்று ஒருவர் ஆரம்பிக்க, துணி வெந்துபோகும் என்று இன்னொருவர் அவரோடு சண்டைக்குப் போனார். மீன் எங்கே படுகிறது என்று பேசவேண்டிய வயர்லெஸில் கறை எப்படிப் போகும் என்றே பேச்சு ஓடியது. எல்லாம் ஓய்ந்தபோது, தூரத்திலிருந்து கரகரவென்று ஒரு குரல். கச்சதீவுக்கு அந்தப் பக்கத்துக் கரைக்காரர், கலா மாதிரிப் பேச்சிலேயே தெரிந்தது. "தங்கச்சி, எங்கட வீட்டிலயும் இப்பிடித்தான் நடந்தது. சாமான் அடுக்கிறதுக்கு ஆம்பிளையளை விடாதேங்கோ."

கன்னத்தில் ஒரு பொட்டு

மறுநாள் காலை படகு வந்ததும் முதல் ஆளாக இறங்கி வந்தார். கையில் ஐஸ் பெட்டி. திறந்தால் ஐஸ், ஐஸுக்கு நடுவே பிளாஸ்டிக் கவர், கவருக்குள் ஜாக்கெட் கை. கெட்டுப்போகக் கூடாத சாமானை ஐஸில் வைக்காமல் வேறு எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன். அந்தப் பெட்டியை அவர் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டு ஷாம்பு எடுக்கப் போனேன்.

கடலில் சொன்ன வைத்தியத்தில் மண்ணெண்ணெயைத் தவிர எல்லாம் செய்து பார்த்தோம். டீசல் வாசம் போனது. மீன் வாசம் பெரும்பாலும் போனது. ஆனால் பொண்ணின் இடது கன்னத்தில் கடுகளவு ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் போகவே இல்லை. கலாதான் அதைத் தள்ளிவைத்துப் பார்த்துவிட்டு, கல்யாணப் பொண்ணுக்குக் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைப்பது வழக்கம்தானே, இது இருந்துவிட்டுப் போகட்டும், மேலே ஒரு கறுப்புப் பாசி வைத்துத் தைத்துவிடலாம் என்றாள். ஒரே ஒரு கறுப்புப் பாசி! அது எந்த மீனுக்குள் இருக்கிறது என்று அடுக்கியவருக்கே தெரியவில்லை. எல்லாவற்றையும் நான் கொட்டித் தேடியதில் நெத்திலியும் சங்கராவும் ஒன்றாகியிருந்தது. அப்போதுதான் அஞ்சறைப் பெட்டி ஞாபகம் வந்தது. அந்த வீட்டில் அவர் கை வைக்கப் பயந்த ஒரே இடம் அதுதான். புதுக் கடுகோடு பழைய பாசியும் கலந்து கிடந்த கிண்ணத்தில் விரலை விட்டுத் துழாவி ஒன்றை எடுத்து ஊசியில் கோக்கப் போனேன். கலா என் கையைப் பிடித்தாள். "அக்கா, பாசியோ கடுகோ எண்டு ஒருக்காக் கடிச்சுப் பாருங்கோ."

திருப்புல்லாணிப் பந்தல்

கல்யாணத்தில் நந்தினி கைகூப்பினாள். மாப்பிள்ளையும் பொண்ணும் எதிரெதிரே பார்த்துக்கொண்டார்கள். முத்துலெட்சுமி அக்கா மகளின் இடது கையைத் தூக்கிக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டு போய், அந்தப் பாசியைக் கட்டைவிரலால் தடவினார். திருஷ்டிக்காக வைத்தது என்றேன். அவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பந்தலில் இருந்த பெண்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். நல்ல வேளை, எந்தச் சட்டியிலிருந்து வந்த பாசி என்று கேட்கவில்லை.

இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் மாப்பிள்ளையின் தாய்மாமன் மண்டபம் ஊரில் படகு வைத்திருப்பவராம். அவர் அந்தக் கையை உற்றுப் பார்த்துவிட்டு, இதுதானே வயர்லெஸில் வந்த பொண்ணு என்று பந்தலுக்கே கேட்கும்படி கேட்டார். அதோடு நிற்கவில்லை. கம்பியைத் துடைப்பது, துணியைத் திருப்பிப் பார்ப்பது, எல்லாவற்றையும் நடித்தே காட்டினார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் கையிலிருந்த வடையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். என் வீட்டுக்காரர் பந்தல் கம்பத்தின் முடிச்சை ரொம்பக் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

முத்துலெட்சுமி அக்கா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், பாசியைப் பார்த்தார், கடைசியில் மகளைப் பார்த்தார். மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் வேலை, சாயங்காலம் நந்தினி கிளம்ப வேண்டும். காலையிலிருந்தே அக்கா கண் கலங்கித்தான் இருந்தது. அந்த இடது கையைப் பிடித்துத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டார். "சிரிக்காதீக. கடலுக்குப் போயிட்டு முழுசாத் திரும்பி வந்தவ, எங்க போனாலும் பொழச்சுக்கிருவா."

அதற்கப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் எல்லோரும் கன்னத்தில் கறுப்புப் பாசி கேட்கிறார்கள், ஒரு பொண்ணு தன் ஜாக்கெட்டையும் ஒரு நாள் கடலுக்கு அனுப்பி எடுக்க முடியுமா என்றே கேட்டாள்.

ஆகவே சகோதரிகளே, கைவேலைச் சாமான்களை எந்த டப்பாவில் வேண்டுமானாலும் வையுங்கள், அடுக்கிவைத்த ஆள் மட்டும் எப்போதும் வயர்லெஸ் எட்டுகிற தூரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.